லேசர்–மின்வில் கலப்பு வெல்டிங்: உருகு குளத்தைக் கணினியில் உருவகப்படுத்தும் வழிமுறை

லேசர் கற்றையையும் மின்வில்லையும் ஒரே உருகு குளத்தில் சேர்த்துச் செலுத்தும் வெல்டிங் முறையை 1970-களின் இறுதியில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வில்லியம் ஸ்டீன் முன்வைத்தார். லேசர் ஆழத்தைத் தருகிறது. மின்வில்லும் அதில் உருகி விழும் கம்பியும் அகலத்தையும், தகடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை நிரப்பும் உலோகத்தையும் தருகின்றன. ஜெர்மனியின் பாப்பன்பர்க்கிலுள்ள மேயர் வெர்ஃப்ட் கப்பல் கட்டும் தளம் 2000-களின் தொடக்கத்திலேயே நீண்ட தகடுகளை இணைக்க இம்முறையைக் கையாண்டது; குறைந்த வெப்பத்தில் ஆழமாக இணைக்க முடிவதால் தகடு நெளிவது குறைகிறது என்பதே அதற்கு முதன்மையான காரணம்.

குளத்தின் உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க இயலாது. எக்ஸ்-கதிர்ப் படக்கருவி இல்லாதவர்களுக்குச் சிமுலேஷன் ஒன்றே வழி. ஆனால் இத்துறையில் வெளிவரும் பல கணக்கீடுகளில், வெல்டைக் குறுக்கே அறுத்துப் பார்க்கும் மேக்ரோ வெட்டுமுகத்தில் தெரியும் உருகு எல்லையோடு கணினி வரைந்த எல்லை பொருந்திவிட்டால் வேலை முடிந்ததாகக் கருதிவிடுகிறார்கள். உறிஞ்சு விகிதம், வில்லின் திறன், வில்லின் ஆரம் ஆகிய மூன்றையும் கைக்கு வந்தபடி மாற்றினால் தவறான இயற்பியலைக் கொண்டும் அந்தக் கோட்டைப் பொருத்திவிடலாம். ஆகவே வெப்பக் கணக்கையும் நிறைக் கணக்கையும் தனித்தனியே நேர் செய்துகொண்டு, ஒவ்வொரு விசையாகச் சேர்த்துச் செல்லும் முறையையே இங்கு விளக்குகிறேன். பாய்ம இயக்கவியலின் அடிப்படைச் சமன்பாடுகளும், ஓப்பன்ஃபோம், ஃப்ளூயன்ட், ஃப்ளோ-3டி போன்ற ஏதேனும் ஒரு மென்பொருளில் ஓரளவு பழக்கமும் வாசகருக்கு இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

எடுத்துக்காட்டும், கணினிக்கு முந்தைய கணக்கும்

விளக்கத்திற்காக ஓர் எடுத்துக்காட்டை முன்னிறுத்திக்கொள்வோம். 8 மி.மீ. தடிமனுள்ள குறைகார்பன் எஃகுத் தகடுகளைப் விளிம்போடு விளிம்பு சேரும் பட் ஜாயின்ட்டாக இணைக்கிறோம். ஃபைபர் லேசரின் திறன் 4 கிலோவாட், குவியப் புள்ளியின் விட்டம் 0.4 மி.மீ.; பல்ஸ் முறை மேக் வெல்டிங்கில் (கம்பியையே மின்முனையாகக் கொண்டு, காப்பு வாயுவில் நடக்கும் மின்வில் வெல்டிங்) சராசரி மின்னோட்டம் 220 ஆம்பியர், மின்னழுத்தம் 25 வோல்ட்; 1.2 மி.மீ. கம்பி நிமிடத்துக்கு 8 மீட்டர் வேகத்தில் வருகிறது. வெல்டிங் வேகம் வினாடிக்கு 20 மி.மீ.; லேசர் முன்னே செல்ல, கம்பியின் முனை 3 மி.மீ. பின்னே தொடர்கிறது.

முதலில் நிறைக் கணக்கு. கம்பியின் குறுக்குப் பரப்பு 1.13 சதுர மி.மீ.; அது வினாடிக்கு 133 மி.மீ. நகர்வதால் வினாடிக்கு ஏறத்தாழ 151 கன மி.மீ. உலோகம் குளத்தில் சேர்கிறது. துளியின் விட்டமும் கம்பியின் விட்டமும் ஒன்றே என்று கொண்டால் ஒரு துளியின் கன அளவு 0.905 கன மி.மீ.; எனவே வினாடிக்கு 167 துளிகள். பல்ஸ் ஒன்றுக்கு ஒரு துளி என்று மின்மூலம் அமைக்கப்பட்டிருந்தால் அதன் பல்ஸ் அதிர்வெண்ணும் இதற்கு அருகில் இருக்க வேண்டும். இல்லையெனில் துளியின் அளவைத் தவறாக எடுத்திருக்கிறோம். 151-ஐ வெல்டிங் வேகமான 20-ஆல் வகுத்தால் 7.5 சதுர மி.மீ. கிடைக்கும். தெறிப்பாக வெளியேறும் சிறு பகுதியைத் தவிர்த்துப் பார்த்தால், வெட்டுமுகத்தில் மேல் மேடு, அடி மேடு, தகடுகளின் இடைவெளி ஆகியவற்றில் சேர்ந்திருக்கும் புது உலோகத்தின் மொத்தப் பரப்பு இதுவாகத்தான் இருக்க முடியும்.

அடுத்தது வெப்பக் கணக்கு. பெரும்பாலோர் இடறும் இடம் இதுதான். மின்வில்லின் திறன் 220 × 25 = 5.5 கிலோவாட், அதில் 80 விழுக்காடு பணிப்பொருளைச் சேர்கிறது என்றால் 4.4 கிலோவாட். ஆனால் இந்த 4.4 கிலோவாட் முழுவதும் வில்லின் அடியில் மேற்பரப்பு வெப்பமாக இறங்குவதில்லை. வினாடிக்கு 1.18 கிராம் கம்பி உருகி, சுமார் 2500 கெல்வின் வெப்பநிலையில் துளியாக விழுகிறது. அறை வெப்பநிலையிலிருந்து அந்நிலைக்கு வர கிராமுக்கு ஏறத்தாழ 1900 ஜூல் தேவை. ஆக துளிகள் மட்டுமே 2.2 கிலோவாட்டைச் சுமந்து வருகின்றன. அதாவது வில்லின் வெப்பத்தில் சரிபாதி துளிகளின் வழியாகவே குளத்தை அடைகிறது. துளிகளையும் 2500 கெல்வினில் விட்டு, மேற்பரப்பிலும் 4.4 கிலோவாட்டைப் பரப்பினால் அதே வெப்பத்தை இருமுறை கணக்கில் எழுதியவர்களாவோம், குளம் அகன்றுவிடும், பிறகு அதைச் சரிக்கட்ட லேசரின் உறிஞ்சு விகிதத்தைக் குறைக்கத் தோன்றும், அப்படித்தான் தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன.

லேசரில் முக்கால் பங்கு உறிஞ்சப்பட்டால் 3 கிலோவாட். மொத்தம் 7.4 கிலோவாட், நீளத்தின் ஒரு மி.மீ.க்கு 370 ஜூல். ஒரு கன மி.மீ. எஃகை உருக்க ஏறத்தாழ 10.5 ஜூல் போதும். உள்ளே வரும் வெப்பத்தில் பாதி உருக்குவதற்குப் பயன்படுகிறது என்று வைத்தாலும் உருகிய வெட்டுமுகம் 17 அல்லது 18 சதுர மி.மீ. அளவில் இருக்கும். சிமுலேஷன் 40 சதுர மி.மீ. என்று காட்டினால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், உள்ளீட்டில் பிழை உள்ளது.

மூன்றாவதாக விசைகளின் பருமனை ஒப்பிட வேண்டும். லேசரால் உலோகம் ஆவியாகிக் குளத்தில் உண்டாகும் ஆழமான, குறுகிய துளையே கீஹோல். 0.2 மி.மீ. ஆரமுள்ள கீஹோலை மூட முயலும் பரப்பு இழுவிசையின் அழுத்தம், 1.6 நியூட்டன்/மீட்டர் என்ற மதிப்பைக் கொண்டு, 8000 பாஸ்கல். அதைத் திறந்து வைத்திருக்கும் ஆவியின் எதிருதைப்பு அழுத்தமும் அந்த அளவில் இருந்தாக வேண்டும். வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் மோதும் துளியின் அழுத்தம் சுமார் 3500 பாஸ்கல். 220 ஆம்பியர் மின்னோட்டம் 2 மி.மீ. ஆரத்தில் பாயும்போது மின்காந்த நெருக்கத்தால் எழும் அழுத்தம் 400 பாஸ்கலுக்குச் சற்றுக் குறைவு. 2 மி.மீ. தொலைவில் 1000 கெல்வின் வெப்பநிலை வேறுபாடு இருந்தால் வெப்பநிலைக்கேற்பப் பரப்பு இழுவிசை மாறுவதால் எழும் மாரங்கோனி விசை தரும் மேற்பரப்புத் தகைவு சுமார் 200 பாஸ்கல். வெப்ப மிதப்பு விசையோ 20 பாஸ்கல்தான். கீஹோல் அருகே எதிருதைப்பும் பரப்பு இழுவிசையும், குளத்தின் பின்பகுதியில் துளிமோதலும் மாரங்கோனியும் மின்காந்த விசையும் ஆட்சி செய்கின்றன என்பது இதிலிருந்தே விளங்குகிறது. மிதப்பு விசையைச் சேர்ப்பதில் குற்றமில்லை. ஆனால் அதற்காக நேரம் செலவிட வேண்டியதில்லை.

மென்பொருள், மெஷ், காலப்படி

தளையற்ற மேற்பரப்பைப் பின்தொடர ஹர்ட்டும் நிக்கோல்ஸும் 1981-இல் வெளியிட்ட வி.ஓ.எஃப். முறையே இத்துறையில் வழக்கமானது: ஒவ்வொரு செல்லிலும் உலோகம் எவ்வளவு பங்கு நிரம்பியுள்ளது என்ற நிரம்பல் எண் 0-க்கும் 1-க்கும் இடையில் நகர்கிறது. ஃப்ளோ-3டி பொதுவாக வாயுவை வெற்றிடமாகவே விட்டுவிட்டு உலோகத்தை மட்டும் தீர்க்கிறது. ஓப்பன்ஃபோமும் ஃப்ளூயன்ட்டும் வாயுவையும் இரண்டாம் பாய்மமாகத் தீர்க்கின்றன. முதல் வழி வேகமானது. ஆனால் ஆவி கீஹோல் சுவரை உரசி மேலே இழுத்துச் செல்லும் விளைவு அதில் தானாக வராது. குளத்துக்குள் அகப்பட்ட குமிழிக்குத் தனியாக ஓர் அழுத்த மாதிரி தராவிட்டால் குமிழி இயல்புக்கு மாறாக உடனே நசுங்கிவிடும். காசு செலவழிக்காமல் தொடங்க விரும்புவோர், ஓப்பன்ஃபோமை அடிப்படையாகக் கொண்ட லேசர்பீம்ஃபோம் என்ற திறந்தமூலத் தீர்வியைப் பார்க்கலாம். கதிர்த்தடம் (லேசர் கற்றையைத் தனித்தனிக் கதிர்களாகப் பின்தொடர்வது), படுகோணத்துக்கேற்ப மாறும் ஃப்ரெனல் உறிஞ்சல், உருகல், ஆவியாதல் ஆகியவை அதில் உள்ளன. வில்லையும் துளிகளையும் மட்டும் நாம் எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

கணக்கீட்டுப் பெட்டி 40 மி.மீ. நீளம், 12 மி.மீ. அகலம், தகட்டின் 8 மி.மீ. உயரத்தோடு மேலே 4 மி.மீ., கீழே 2 மி.மீ. வாயு இடம் என்று அமையலாம். அடியில் வாயு இடம் விடாமல் சுவர் வைத்துவிட்டால், முழு ஊடுருவலில் வெல்டின் அடிப்பக்கமான வேர்ப்பகுதி எப்படி அமைகிறது என்ற கேள்வியையே இழந்துவிடுவோம். 0.2 மி.மீ. செல்கள் என்றால் மொத்தம் 8.4 லட்சம், 0.1 மி.மீ. என்றால் 67 லட்சம். கீஹோலுக்கு அதுவும் போதாது: 0.4 மி.மீ. புள்ளியின் குறுக்கே 4 செல்கள் மட்டுமே வரும். 0.05 மி.மீ. வைத்து 8 செல்கள் பெற வேண்டும். ஆனால் பாதை முழுவதும், தகட்டின் 8 மி.மீ. உயரத்துக்குள் 2 மி.மீ. அகலப் பட்டையில் மட்டும் அவ்வாறு செய்தாலே 51 லட்சம் செல்கள் ஆகும். எனவே கீஹோல் நகர நகர மெஷ்ஷும் நுணுகும் தகவமைப்பு முறையைப் பயன்படுத்துவதே சிக்கனம்.

நடுத்தளத்தில் சமச்சீர் எல்லை வைத்துப் பாதியை மட்டும் கணக்கிடும் ஆசை எவருக்கும் எழும். உருகு குளத்தின் சராசரி வடிவம் மட்டும் வேண்டுமானால் அது தகும். துளை விழும் குறைபாட்டை ஆராய்வதானால் தகாது. கீஹோலின் பக்கவாட்டு அலைவைச் சமச்சீர்த் தளம் அடக்கிவிடும்.

காலப்படியை இரண்டு கட்டுப்பாடுகள் நிர்ணயிக்கின்றன. பரப்பு இழுவிசையால் எழும் நுண்ணலை ஒரு செல்லைக் கடக்கும் நேரம் 0.05 மி.மீ. செல்லுக்குச் சுமார் 6.6 மைக்ரோவினாடி. கீஹோல் சுவரில் உலோகம் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பாய்ந்து, ஒரு காலப்படியில் பாய்மம் செல்லில் கடக்கும் பங்கான குரான்ட் எண்ணை 0.25-க்குள் வைத்தால் 2.5 மைக்ரோவினாடி. சிறியதையே ஏற்க வேண்டும். அப்படியானால் 1 வினாடி வெல்டிங்குக்கு 4 லட்சம் காலப்படிகள். அந்த 1 வினாடியில் நகரும் தொலைவு 20 மி.மீ.தான். குளம் நிலைபெற ஏறத்தாழ அவ்வளவாவது தேவைப்படும்.

பொருட்பண்புகள்

உருகு தொடக்கம் 1750 கெல்வின், உருகு முடிவு 1800 கெல்வின் என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம். இரும்பின் கொதிநிலை 3134 கெல்வின். திரவ அடர்த்தி கன மீட்டருக்கு 7000 கிலோ அளவிலும், பாகுநிலை 0.005–0.006 பாஸ்கல்-வினாடி அளவிலும், உருகல் உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 2.5 லட்சம் ஜூல் அளவிலும், ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் 61 லட்சம் ஜூல் அளவிலும் இருக்கும். தன்வெப்பத்தையும் வெப்பக் கடத்துத்திறனையும் வெப்பநிலைக்கேற்ப மாறும் அட்டவணைகளாகத் தருவது நல்லது.

திண்மத்தையும் திரவத்தையும் ஒரே சமன்பாட்டில் கையாள வோலரும் பிரகாஷும் 1987-இல் தந்த என்தால்பி–நுண்துளை முறை உதவுகிறது: உறையும் பகுதியில் வேகத்தை அடக்கும் ஓர் எதிர்விசை உந்தச் சமன்பாட்டில் சேர்கிறது. அதன் மாறிலியை வழக்கமாக 10-இன் 4-ஆம் படி முதல் 8-ஆம் படி வரை எடுக்கிறார்கள். இத்தனை பெரிய இடைவெளியே எச்சரிக்கையாக இருக்கப் போதும். மதிப்பு சிறிதானால் உறைந்த உலோகம் மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். பெரிதானால் குளத்தின் ஓரம் நேரத்துக்கு முன்பே அணைபோல் இறுகிவிடும். இரண்டு மூன்று மதிப்புகளில் ஓட்டிப் பார்த்து, குளத்தின் நீளம் மாறாத பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மின்வில்லும் துளிகளும்

வில்லின் பிளாஸ்மாவை முழுமையாகத் தீர்ப்பது தனியொரு பெருவேலை. உருகு குளம் மட்டுமே இலக்கு என்றால் வெப்பம், மின்னோட்டம், அழுத்தம் ஆகிய மூன்றையும் நடுவில் மிகுந்து ஓரத்தில் குறையும் காஸியன் பரவலாக மேற்பரப்பில் விதித்தால் போதும். ஆரத்தை மட்டும் நூலிலிருந்து எடுக்காமல், அதிவேகக் கேமராப் படத்திலிருந்து அளந்து எடுக்க வேண்டும். காரணம், லேசர் இருக்கும்போது வில்லின் அடி கீஹோலை நோக்கி ஈர்க்கப்பட்டுச் சுருங்குகிறது: இரும்பு அணுவை அயனியாக்க 7.9 எலக்ட்ரான்வோல்ட் போதும், ஆர்கானுக்கோ 15.8 வேண்டும், ஆகவே இரும்பாவி நிறைந்த பாதையே மின்னோட்டத்துக்கு எளிய வழி. வில்லைத் தனியே இயக்கி அளந்த ஆரத்தைக் கலப்பு முறையில் பயன்படுத்துவது இதனால்தான் பிழையாகிறது.

மேற்பரப்பு வெப்பத்தை வி.ஓ.எஃப். கணக்கில் கன அளவு வெப்பமாக மாற்றுவதற்கு, நிரம்பல் எண்ணின் சரிவால் பெருக்கும் வழக்கம் உள்ளது. இதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. ஒன்று, குளத்தின் மேற்பரப்பு குழிந்து அலைபாயும்போது அதன் பரப்பு கூடுவதால், செலுத்தும் மொத்த வெப்பமும் நமக்குத் தெரியாமலே கூடிவிடும். சரிவின் செங்குத்துக் கூறை மட்டும் எடுத்தால் இது பெரும்பாலும் தீரும். அதன் பிறகும் ஒவ்வொரு காலப்படியிலும் மொத்தத்தைக் கூட்டி, வில்லின் 4.4 கிலோவாட்டில் துளிகளின் பங்கு போக எஞ்சும் 2.2 கிலோவாட்டுக்குச் சரிப்படுத்தும் காரணி ஒன்றால் பெருக்க வேண்டும். மற்றொன்று, இடைமுகத்தை ஒட்டிய வாயுச் செல்களில் வெப்பக் கொள்ளளவு மிகச் சிறிது என்பதால், உலோகத்துக்கு உரிய வெப்பம் அங்கே விழுந்ததும் வெப்பநிலை பல ஆயிரம் கெல்வின் எகிறும். செல்லின் அடர்த்தியையும் தன்வெப்பத்தையும் பெருக்கி, அதை உலோக, வாயு மதிப்புகளின் சராசரியால் வகுத்த எடையைப் பெருக்கினால் வெப்பம் கனமான பக்கம் நகர்ந்துவிடும். இதைச் செய்யாமல் ஓட்டிய கோப்பை முதல் பத்து காலப்படிகளிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

மின்காந்த விசைக்குத் தட்டையான தகட்டுக்கென வருவிக்கப்பட்ட அச்சுச் சமச்சீர்ச் சூத்திரங்கள் உள்ளன. முதல் மதிப்பீட்டுக்கு அவை போதும். ஆனால் கீஹோல் என்ற பள்ளம் மின்னோட்டத்தின் பாதையையே திருப்பிவிடுவதால், உலோகத்துக்குள் மின்னழுத்தச் சமன்பாட்டைத் தீர்த்து மின்னோட்ட அடர்த்தியைப் பெறுவதே முறையானது. இச்சமன்பாட்டை ஒவ்வொரு காலப்படியிலும் தீர்க்கத் தேவையில்லை; குளத்தின் வடிவம் கண்ணுக்குத் தெரியும்படி மாறும்போது தீர்த்தால் போதும்.

துளிகளைக் கம்பி முனைக்குக் கீழே, தகட்டின் மேற்பரப்பிலிருந்து 2, 3 மி.மீ. உயரத்தில், 167-இல் ஒரு பங்கு வினாடிக்கு ஒன்றாக, கோள வடிவில் பிறப்பிக்கலாம். டார்ச் சாய்ந்திருந்தால் துளியின் வேகத்தையும் அதே கோணத்தில் சாய்க்க வேண்டும். கம்பியில் நிக்கல் போன்ற கலப்பு உலோகம் இருந்தால், துளிக்கு மட்டும் 1 என்ற மதிப்புடைய ஒரு கூடுதல் அளவியைப் பாய்மத்தோடு மிதக்கவிடுங்கள். நிரப்பு உலோகம் வேர் வரை இறங்கியதா, மேல்பாதியிலேயே தங்கிவிட்டதா என்பதை அது காட்டும். ஆழமும் குறுகலுமான வெல்டில் இரண்டாவதே அடிக்கடி நடக்கிறது.

லேசரும் கீஹோலும்

லேசரை ஒரு கூம்பு வடிவக் கன வெப்பமூலமாக உள்ளே வைத்துவிடுவது எளிது. ஆனால் கீஹோலின் ஆழத்தை நாமே முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு அதைக் கணினி கண்டுபிடித்ததாகச் சொல்வது நேர்மையாகாது. வெல்டிங்குக்குப் பிந்தைய நெளிவையும் எஞ்சிய தகைவையும் மட்டும் ஆராய்பவர்களுக்கே அது பொருந்தும். உருகிய உலோகத்தின் இயக்கம் வேண்டுமென்றால் கதிர்த்தட முறைக்கு வந்துதான் ஆக வேண்டும்.

கற்றையைச் சில நூறு முதல் ஆயிரம் கதிர்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காஸியன் பரவலின்படி திறனைப் பங்கிடுங்கள். கதிர்கள் இணையாக இறங்கக்கூடாது. கற்றைத்தரம் 8 மில்லிமீட்டர்–மில்லிரேடியன், குவிய ஆரம் 0.2 மி.மீ. என்றால் விரிகோணம் 40 மில்லிரேடியன். குவியத்திலிருந்து 5 மி.மீ. தள்ளிக் கற்றையின் பரப்பு இருமடங்காகிறது. 8 மி.மீ. தகட்டில் இது புறக்கணிக்கக்கூடிய அளவல்ல. கதிர் சுவரில் படும் இடத்தில், படுகோணத்துக்கேற்ப ஃப்ரெனல் சமன்பாட்டின்படி ஒரு பகுதி உறிஞ்சப்பட்டு மீதி எதிரொளிக்கும். ஃபைபர் லேசரின் 1 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில், செங்குத்தாகப் படும்போது இரும்பு ஏறத்தாழ 35 விழுக்காட்டை உறிஞ்சுகிறது. 4 முறை பட்டால் மொத்தம் 82 விழுக்காடு. மேலே நாம் கொண்ட முக்கால் பங்கு என்பது இப்படி உள்ளேயிருந்து வர வேண்டிய விடை; வெளியிலிருந்து கொடுக்க வேண்டிய உள்ளீடு அல்ல. எனவே ஒவ்வொரு காலப்படியிலும் உறிஞ்சப்பட்ட மொத்தத் திறனைக் கோப்பில் எழுதிவையுங்கள். தொடக்கத்தில் தட்டையான தகட்டில் 35-க்கு அருகில் தொடங்கி, கீஹோல் ஆழமாக ஆழமாக ஏறி, பின் ஏற்ற இறக்கத்தோடு நிலைபெறும் வரைகோடு கிடைத்தால் கதிர்த்தடம் ஒழுங்காக இயங்குகிறது என்று கொள்ளலாம்.

வி.ஓ.எஃப். தரும் மேற்பரப்பு செல்லுக்குச் செல் படிக்கட்டாக இருக்கும். அதன் செங்குத்துத் திசையை அப்படியே பயன்படுத்தினால் எதிரொளிக்கும் கதிர்கள் கண்டபடி சிதறும். நிரம்பல் எண்ணை ஓரிரு முறை மென்மையாக்கி, அதிலிருந்து திசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாய்மக் கணக்குக்கு மூல எண்ணே இருக்கட்டும். கதிர்கள் மெல்லிய சுவரை ஊடுருவித் தப்புவதைத் தடுக்க, கதிர் நகரும் அடி செல்லின் அளவில் பாதிக்கு மேல் போகக்கூடாது.

கார்பன் டை ஆக்சைடு லேசராக இருந்தால் நிலைமை வேறு. 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் பிளாஸ்மாவின் உறிஞ்சல், அலைநீளத்தின் இருபடிக்கேற்ப, ஃபைபர் லேசரைவிட நூறு மடங்கு அளவில் பெருகுகிறது. அங்கே பிளாஸ்மாவின் இழப்பைச் சேர்க்காமல் கணக்கிட முடியாது. ஃபைபர் லேசருக்கு முதல் சுற்றில் விட்டுவிடலாம்.

எதிருதைப்பு அழுத்தத்துக்கு வழங்கும் சூத்திரம், அந்த வெப்பநிலையின் நிறைவுறு ஆவியழுத்தத்தை 0.54-ஆல் பெருக்குவது. எண்களைப் போட்டுப் பார்த்தால் 2800 கெல்வினில் சுமார் 11,500 பாஸ்கல், 2900-இல் சுமார் 19,000, கொதிநிலையில் 55,000 வரை வருகிறது. 100 கெல்வின் மாறினால் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல் மாறுகிறது என்பதைக் கவனியுங்கள்; சுவரின் வெப்பநிலையில் ஏற்படும் சிறு பிழையும் கீஹோலைக் கிழித்துவிடும். சூத்திரத்தைக் கொதிநிலைக்கு வெகு கீழே வரை நீட்டினால், கீஹோலுக்கு வெளியே குளத்தின் மேற்பரப்பிலும் இல்லாத அழுத்தம் அமுக்கும். இரும்பாவியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தை எட்டும் பகுதிக்கு அருகில் தொடங்கி மெல்ல ஏறும் வடிவத்தை அமைத்துக்கொள்வது பாதுகாப்பானது. ஆவியாவதால் இழக்கப்படும் வெப்பத்தையும் உடன் சேர்த்தே தீர வேண்டும். அதுவே சுவரின் வெப்பநிலை எல்லையின்றி ஏறாமல் கட்டுப்படுத்துகிறது.

பரப்பு இழுவிசை

தூய இரும்பின் பரப்பு இழுவிசை உருகுநிலையில் 1.94 நியூட்டன்/மீட்டர், ஒவ்வொரு கெல்வினுக்கும் 0.00043 குறைகிறது. ஆகவே வெப்பமான நடுவிலிருந்து குளிர்ந்த ஓரத்துக்கு மேற்பரப்பு இழுக்கப்பட்டு, அகன்ற, ஆழமற்ற குளம் அமையும். கந்தகமோ ஆக்சிஜனோ கலந்தால் இந்தச் சரிவு ஒரு வெப்பநிலை வரை தலைகீழாகி, ஓட்டம் ஓரத்திலிருந்து நடுவுக்குத் திரும்பிக் கீழே பாயும்; 1980-களின் தொடக்கத்தில் ஹெய்ப்பிளும் ரோப்பரும் இதை நிறுவினர். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் துருவேறா எஃகுக்குப் பயன்படுத்திய ஏ-டிக் வெல்டிங்கில், ஆக்சைடுப் பூச்சு தடவி ஆழத்தைக் கூட்டுவதற்கும் இத்திருப்பம் ஒரு முக்கியக் காரணம். நம் எடுத்துக்காட்டில் காப்பு வாயு ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்தது என்றால் குளத்தில் ஆக்சிஜன் சேரும். எனவே நிலையான எதிர்ச் சரிவு ஒன்றை மட்டும் கொடுக்காமல், சாகு, டெப்ராய், மக்னாலன் மூவரும் 1988-இல் இரும்பு–கந்தகத்துக்குத் தந்தது போன்ற, வெப்பநிலையும் செறிவும் சேர்ந்த சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள்.

படிப்படியாக ஓட்டுதல்

எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு முதல் நாளே ஓட்டினால், தவறு எங்கே என்று தெரியாது. முதலில் ஈர்ப்பு இல்லாத வெளியில் 1.2 மி.மீ. துளி ஒன்றை மட்டும் மிதக்கவிடுங்கள். உள்ளே அழுத்தம் சுமார் 5300 பாஸ்கல் கூடுதலாக இருக்க வேண்டும். வேகம் எங்கும் சுழியமாக இருக்க வேண்டும். நடைமுறையில் எண்முறைப் பிழையால் போலி ஓட்டங்கள் தோன்றும். அவற்றின் வேகம் வினாடிக்கு அரை மீட்டரைத் தொட்டால், அதே அளவிலான மாரங்கோனி ஓட்டத்தைப் பற்றி அந்த மெஷ் சொல்லும் எதையும் நம்ப இயலாது. அடுத்து ஓட்டத்தை நிறுத்தி, வெப்பக் கடத்தல் மட்டும் வைத்து, நகரும் புள்ளி வெப்பமூலத்துக்கான ரோசெந்தால் தீர்வோடு ஒப்பிடுங்கள்.

பிறகு வில் மட்டும். பிறகு லேசர் மட்டும். இவ்விரண்டுக்கும் தனித்தனியே தகட்டில் பீட் (உருகி உறைந்த ஒற்றை வரி) போட்டு வெட்டுமுகம் எடுத்து வைத்திருப்பது மிக அவசியம். கலப்பு வெட்டுமுகம் மட்டும் கையில் இருந்தால் இரண்டு வெப்பமூலங்களின் பிழைகளையும் பிரித்தறிய முடியாது. வில்லின் திறனை வில் சோதனையிலும், இரும்பின் ஒளியியல் மாறிலிகளை லேசர் சோதனையிலும் நிலைநிறுத்திவிட்டால், கலப்பு ஓட்டத்தில் மாற்ற அனுமதியுள்ளது வில்லின் ஆரம் ஒன்றே. அதுவும் கேமராப் படம் சொல்லும் அளவுக்கு.

கலப்பு ஓட்டம் நிலைபெற்றபின் மூன்று வரைகோடுகளை ஒரே தாளில் வரையுங்கள்: உறிஞ்சப்பட்ட லேசர் திறன், கீஹோலின் ஆழம், துளி விழும் கணங்கள். துளி விழுந்த சில மில்லிவினாடிகளில் ஆழம் சரிந்து மீண்டால், லேசருக்கும் வில்லுக்கும் இடையிலுள்ள 3 மி.மீ. போதவில்லை என்று பொருள். துளி எழுப்பும் அலை கீஹோலை மூடுகிறது. மிகவும் விலக்கினாலோ இரண்டு குளங்களாகப் பிரிந்து, கலப்பு முறையின் பயனே போய்விடும். 2, 3, 4 மி.மீ. என்று மாற்றி ஓட்டி இதைக் கண்டறிவதுதான் இந்தச் சிமுலேஷனின் மிகப் பயனுள்ள வேலை என்பது என் கருத்து. பட்டறையில் இதே தேடலுக்குத் தகடும் வாயுவும் நாட்களும் செலவாகும்.

சரிபார்ப்பு

வெட்டுமுகத்தின் எல்லையோடு ஒப்பிடும்போது ஆழம், அகலம் என்ற இரண்டு எண்களோடு நின்றுவிடாமல், மேல்பகுதி அகலத்திலிருந்து கீழ்ப்பகுதி குறுகலுக்கு மாறும் கழுத்து எந்த உயரத்தில் வருகிறது என்றும் பாருங்கள்; வில்லுக்கும் லேசருக்கும் வெப்பத்தைச் சரியாகப் பங்கிட்டோமா என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். புது உலோகத்தின் பரப்பு 7.5 சதுர மி.மீ. இருக்கிறதா என்று அளவிடுங்கள். குளத்தின் நீளத்தை அதிவேகப் படத்தோடு ஒப்பிடுங்கள். உள் ஓட்டத்தைப் பொறுத்தவரை ஒசாகா பல்கலைக்கழகத்தில் மட்சுனாவாவும் கட்டயாமாவும் டங்ஸ்டன் துகள்களைக் குளத்தில் இட்டு எக்ஸ்-கதிரில் எடுத்த படங்கள் வழிகாட்டுகின்றன. கீஹோலின் அடியிலிருந்து குமிழிகள் கிளம்பிப் பின்னோக்கிச் செல்வதை அவை காட்டின. நம் கணக்கிலும் குமிழி பிறக்கும் இடம் அதுவாகவே இருக்க வேண்டும்.

இறுதிச் சோதனை, எந்த மாறிலியையும் தொடாமல் வேறொரு நிலையை முன்கணிப்பது. வெல்டிங் வேகத்தை வினாடிக்கு 30 மி.மீ. ஆக்கி ஓட்டி, விடையை எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகே தகட்டில் போட்டு வெட்டிப் பாருங்கள்.

தடிமன் கூடும்போது கேள்வி வேரின் பக்கம் நகர்கிறது. 12 மி.மீ. ஆழமுள்ள உருகிய உலோகம் அடியில் 820 பாஸ்கல் அழுத்தம் தருகிறது. அதைத் தாங்கும் பரப்பு இழுவிசையின் அழுத்தம், வேரின் அகலம் 2 மி.மீ. என்றால் 1600, 4 மி.மீ. என்றால் 800. ஆகவே அந்த அகலத்தைத் தாண்டியதும் உலோகம் அடியில் துளித்துளியாகத் தொங்கத் தொடங்கும். பெர்லினிலுள்ள பி.ஏ.எம். என்ற பொருள் ஆய்வு, சோதனை நிறுவனத்தில் மாறுமின்னோட்டக் காந்தத்தைத் தகட்டின் அடியில் வைத்து, மேல்நோக்கிய மின்காந்த விசையால் இந்தத் தொங்கலைத் தடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இதைக் கணினியில் சோதிக்க மேலே அமைத்த மாதிரியே போதும்: கீழ் வாயு இடத்தை 2-இலிருந்து 5 மி.மீ. ஆக்கி, மின்காந்த விசையின் கணக்கில் அந்தக் காந்தத்தின் புலத்தைச் சேர்த்து, வேரின் அகலம் 4 மி.மீ.ஐ நெருங்கும் வரை லேசரின் திறனை ஏற்றிப் பார்க்க வேண்டும்.